கூண்டுக்கு முன்னால் டாக்டர்: சுகர் கிளைடர் வளர்க்க நினைப்பவர்களுக்கு

"பழமும் தேனும் போதும்ங்க, வேற ஒண்ணும் கேக்காது." கோவையில் ஒரு கடையில் எனக்குச் சொன்ன பாடம் இவ்வளவுதான். பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் மடியில் இருந்த சின்னத் துணிப் பை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சீனி என்று பேர் வைத்தோம். நேந்திரம்பழம் என்றால் அதற்கு உயிர். நானும் சந்தோஷமாக ஊட்டினேன். நாலாவது மாதம் ஒரு காலையில் சீனி பையைவிட்டு இறங்கப் பார்த்தது. பின்னங்கால் இரண்டும் வரவில்லை. முன்னங்கைகளால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது, இடுப்புக்குக் கீழே பிழிந்து போட்ட துணி மாதிரி தொங்கியது.

அன்றைக்கு நான் போன் செய்த மூன்று டாக்டர்களும் மாடும் நாயும் பார்க்கிறவர்கள். பேரைக் கேட்டதுமே கையை விரித்துவிட்டார்கள். நாலாவதாக திருச்சூர் பக்கம் ஒருவர் கிடைத்தார். சீனியைக் கையில் வாங்கி, வாலுக்கு மேலே விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கால்சியம் கொடுக்குன்னுண்டோ?" நான் பழம், தேன் என்றேன். அவர் திட்டவில்லை. சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

அதனால் இந்த வழிகாட்டி கொஞ்சம் தலைகீழாகப் போகும். பிராணியை வாங்குவது கிட்டத்தட்ட கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

முதலில், இது என்ன ஜீவன்?

அணில் இல்லை. எலி வகையும் இல்லை. கங்காரு மாதிரி வயிற்றில் பை உள்ள பிராணி. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவும் நியூகினித் தீவும். வளர்ந்தது 100லிருந்து 150 கிராம் வரை இருக்கும், ஒரு கொய்யாப்பழ எடை. குட்டி கருவில் இருப்பது சுமார் 16 நாள்தான். பிறக்கும்போது எடை 0.2 கிராம், பார்க்க ஒரு அரிசி மணி அளவு. மிச்ச வளர்ச்சியெல்லாம் தாயின் பைக்குள், இரண்டு மாதத்துக்கு மேல். முன்னங்கை சுண்டுவிரலிலிருந்து பின்னங்கால் கட்டைவிரல் வரை தோல் சவ்வு ஓடுகிறது. அதை விரித்துக்கொண்டு காட்டில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு 50 மீட்டர் வரை மிதந்து போகும்.

காட்டில் அது என்ன தின்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். யூகலிப்டஸ், வேல மரங்களின் பட்டையைப் பல்லால் கீறி, கசிகிற பாலையும் பிசினையும் நக்கும். பூந்தேன் குடிக்கும். பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். சித்தூர் தாலுகா பக்கம் தென்னம்பாளையைச் சீவிக் கள் இறக்குகிற ஊர்க்காரர்கள் நாம்; மரத்தைக் கீறிப் பிழைக்கிற ஜீவனைப் புரிந்துகொள்ள நமக்குக் கஷ்டம் இருக்கக் கூடாது. ஆனால் பேரில் 'சுகர்' இருப்பதால் எல்லாரும் பழக்கடையாகவே பார்க்கிறோம்.

அப்புறம் ஆயுசு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10லிருந்து 12 வருஷம், சில 15 வரைகூட. ஏழாம் வகுப்புப் பையன் அடம்பிடிக்கிறான் என்று வாங்கினால், அவன் காலேஜ் முடித்து வெளியூர் வேலைக்குப் போன பிறகும் கூண்டைக் கழுவப்போவது நீங்கள்தான்.

இது ராத்திரி ஜீவன் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் அதற்குப் பொழுது விடியும். ஓடும், குதிக்கும், நடுச்சாமத்தில் சின்ன நாய்க்குட்டி மாதிரி குரைக்கும். "இதென்ன கண்ணு, ராத்திரி பூரா நாயாட்டம் குலைக்குது" என்று எங்கள் அம்மா முதல் வாரத்திலேயே தலையணையைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். ஒரே அறை வீடு, காலை ஷிஃப்ட் வேலை என்றால் இப்போதே யோசித்துவிடுவது நல்லது.

பறக்கும் அணில் என்று யாராவது கொண்டுவந்தால்

நம் பக்கத்தில் இதை ஒதுக்கிவிட முடியாது. பரம்பிக்குளம், நெல்லியாம்பதி மலைகள் நம் கொல்லைப்புறம். மலையாளத்தில் பாறான் என்று சொல்கிற பறக்கும் அணில் அங்கே உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள சின்னப் பறக்கும் அணில் வகையும் ஒன்று உண்டு. இவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பவை. பிடித்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம், வாங்கி வைத்திருந்தாலும் குற்றம். மரம் வெட்டும்போது பொந்திலிருந்து விழுந்த குட்டியை 'சுகர் கிளைடர்தான், விலை கம்மி' என்று ஒருவர் நீட்டினால், ஆசைப்பட்டுக் கை நீட்டாதீர்கள்.

வித்தியாசம் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. சுகர் கிளைடருக்கு நெற்றியிலிருந்து முதுகு வழியாக ஒரு கருங்கோடு ஓடும். பின்னங்காலைத் திருப்பிப் பாருங்கள்: கட்டைவிரல் நம் கைக் கட்டைவிரல் மாதிரி தனியாகப் பிரிந்து, நகமே இல்லாமல் இருக்கும், அதற்கு அடுத்த இரண்டு விரல்களும் சேர்ந்து ஒட்டினாற்போல் இருக்கும், அது மயிர் கோதிக்கொள்ளும் சீப்பு. பெண்ணுக்கு வயிற்றில் பையின் வாய் தெரியும். பறக்கும் அணிலுக்கு இதெல்லாம் கிடையாது. அதற்கு நம்மூர் அணிலைப் போலக் கொறிக்கும் பல்.

சுகர் கிளைடர் விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி. 2022இல் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த வனவிலங்குச் சட்டமும், 2024 பிப்ரவரியில் வந்த பதிவு விதிகளும், சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதியச் சொல்கின்றன. சுகர் கிளைடர் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் மூச்சுத் திணறக் கிடந்தவற்றைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறை பிடித்த செய்திகளைப் பத்திரிகைகளில் நீங்களே படித்திருப்பீர்கள். ஆகவே இங்கேயே பிறந்த குட்டி, தாய் தகப்பனைக் கண்ணால் காட்டுகிற வளர்ப்பாளர், தேதி போட்ட பில். மூன்றும் வேண்டும். பட்டியல்கள் அவ்வப்போது மாறுகிறவை. வாங்கும் வாரத்தில் பக்கத்து வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோபாலபுரமோ வேலந்தாவளமோ, செக்போஸ்ட் தாண்டி வருகிறவர்கள் பில்லை மொபைலில் மட்டும் வைக்காமல் கையிலும் வைத்திருந்தால் பேச்சு குறையும்.

டாக்டரைக் கண்டுபிடியுங்கள்

தலைப்பிலேயே இதைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. கிளைடருக்கு உடம்பு முடியவில்லை என்றால் நாலு நாள் பார்க்கலாம் என்பதே கிடையாது. வயிற்றுப்போக்கு வந்து நீர்ச்சத்து இறங்கினால் ஒரு நாளைக்குள் உயிர் போய்விடும். அந்த ஒரு நாளில் நாம் டாக்டர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இன்றைக்கே நாலைந்து இடத்துக்குப் போன் போடுங்கள். "சுகர் கிளைடர் பார்ப்பீங்களா?" என்று மட்டும் கேட்டால் பலர் "பார்க்கலாம், கொண்டு வாங்க" என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: இதுவரை பார்த்திருக்கிறீர்களா, வாயு மயக்கம் கொடுக்கும் வசதி இருக்கிறதா, ஆணுக்கு விதைநீக்க ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா, ஞாயிற்றுக்கிழமை யாரைப் பார்ப்பது. இந்த நாலுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அவர்தான். கேரளப் பக்கம் திருச்சூரை ஒட்டி மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சி தாண்டி உடுமலைப்பேட்டையில் ஒன்று. அங்கே விசாரித்தாலும் வெளியூர்ப் பிராணி பார்க்கிற டாக்டர் யார் என்று வழி தெரியும். எல்லையில் குடியிருப்பதில் நமக்கு இருக்கிற ஒரே லாபம், இரண்டு மாநில டாக்டர்களும் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருப்பதுதான்.

வெயிலுக்கு ஏற்பாடு

கிளைடருக்குச் சுகமான வெப்பம் 24லிருந்து 27 டிகிரி. 31ஐத் தாண்டினால் தவிக்கும். நம் பாலக்காட்டில் பங்குனி, சித்திரையில் 40ஐத் தொடுகிற நாள் உண்டு. ஆகவே கூண்டு வாங்குவதற்கு முன் ஒரு சுவர் வெப்பமானி வாங்கி, கூண்டு வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு எவ்வளவு, ராத்திரி இரண்டு மணிக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைக்கவே கூடாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையும் கோடையில் இரவு முழுக்கக் கொதிக்கும். எங்கள் வீட்டில் கடைசியில் ஜெயித்தது, பழைய ஓட்டு வீட்டின் நெல் வைக்கும் அறை.

ஏ.சி. இருந்தால் நல்லது, ஆனால் அங்கேயும் ஒரு வில்லங்கம். என் மாமா பையன் ஒருவன் வெயிலுக்குப் பயந்து 18இல் வைத்துவிட்டுத் தூங்கினான். காலையில் கிளைடர் பைக்குள் சில்லென்று, தொட்டால் அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று அழுதுகொண்டே போன் செய்தான். குளிர் கூடினால் அது உடம்பின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மரத்துப்போனது போலாகிவிடும். மார்போடு சட்டைக்குள் அணைத்து வைக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் கண்ணைத் திறந்தது. அடுப்புப் பக்கம் காட்டவோ சுடுதண்ணீர்ப் பாட்டிலை நேரடியாக ஒட்டி வைக்கவோ கூடாது. மெல்லச் சூடேற வேண்டும், சூடேறியதும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஏ.சி.யை 26இல் வையுங்கள், காற்று கூண்டின் மேல் நேராக அடிக்க வேண்டாம். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற கிழக்குக் காற்றுக்கும் இதே கணக்கு, ஜன்னலோரம் வேண்டாம்.

கரண்ட் போகும் மதியங்களுக்கு: தண்ணீர்ப் பானையை மூடி கூண்டுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேல் ஈரத் துணி. கூண்டை ஈரச் சாக்கால் முழுக்கப் போர்த்தாதீர்கள். உள்ளே காற்று நின்று புழுங்கும்.

கூண்டு

கூண்டு அகலத்தைவிட உயரம் முக்கியம். இரண்டடிக்கு இரண்டடி, உயரம் மூன்றடி என்பது ஒரு ஜோடிக்குக் குறைந்தபட்சம். கம்பிக்குக் கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். சித்தூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் கோழி வலை போட்டு மலிவாகச் செய்து தருகிறேன் என்றார்கள். அந்த வலையில் துத்தநாகப் பூச்சு. கிளைடர் மூத்திரத்துக்கு அது அரிக்கும், பிராணி கம்பியை நக்கிக்கொண்டே இருக்கும். பவுடர் கோட்டிங் கொடுத்த கம்பிதான் வேண்டும், செலவு கூடினாலும். நல்ல கூண்டுக்குக் காசில்லை என்றால் கிளைடரும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே தூங்க ஒரு தொங்கும் துணிப் பை, ஃப்ளீஸ் துணியில். தையல் உள்ளே மறைந்திருக்க வேண்டும். தேங்காய்ப்பூத் துண்டில் பை தைக்காதீர்கள். அந்த நூல் வளையங்களில் நகம் மாட்டி, இழுத்து, விரலே பிய்ந்துவிடும். ஓடுகிற சக்கரம் வைப்பதானால் நடுவில் அச்சுக் கம்பி இல்லாததும், தளம் ஓட்டையில்லாததுமாகப் பாருங்கள், வால் சிக்காமலிருக்க. ஏறி விளையாட மருந்தடிக்காத கொய்யாக் கிளையோ யூகலிப்டஸ் கிளையோ போதும், கழுவிக் காயவைத்து. வேலியோரத்து அரளி விஷம். அந்தப் பக்கமே வேண்டாம்.

எறும்பு. இதை எந்த வெளிநாட்டுக் குறிப்பிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தேன் கலந்த சாப்பாடு கிண்ணத்தில் இருந்தால் பத்து நிமிஷத்தில் சித்தெறும்பு வரிசை வந்துவிடும். அந்தக் காலத்தில் பால் அலமாரிக் கால்களுக்கு வைப்பார்களே, தண்ணீர்க் கிண்ணம், அதையே கூண்டின் நாலு காலுக்கும் வையுங்கள். எறும்புப்பொடி, சாக்பீஸ் மருந்து எதுவும் அந்த அறையில் வேண்டாம். கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வேறு அறையில். திண்ணையில் கூண்டு வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தெருப்பூனையாவது சத்தம் போட்டு வரும், பாம்பு அப்படி வராது.

சாப்பாடு: இங்கேதான் நான் சறுக்கினேன்

சீனிக்கு வந்தது எலும்பு நோய். சாப்பாட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் கூடினால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். முதலில் பின்னங்கால் போகும். கால்சியம் ஒரு பங்குக்குப் பாஸ்பரஸ் ஒரு பங்கை மீறக் கூடாது. கால்சியம் இரண்டு பங்கு வரை இருந்தாலும் சரி. இப்போது வாழைப்பழத்தைப் பாருங்கள்: 100 கிராமில் கால்சியம் சுமார் 5 மில்லிகிராம், பாஸ்பரஸ் 22. ஸ்வீட் கார்ன் இன்னும் மோசம்: கால்சியம் 2, பாஸ்பரஸ் 89. பப்பாளியில் கால்சியம் 20, பாஸ்பரஸ் 10. ஒரே பழக்கடையில் இவ்வளவு வித்தியாசம். நான் நாலு மாதம் ஊட்டியது நேந்திரம்பழம்.

பூச்சியும் இந்தக் கணக்கில் தப்பாது. பறவைக் கடைகளில் கிடைக்கும் மீல்வார்ம் புழுவில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிடப் பல மடங்கு. கொடுக்கும் முன் பாஸ்பரஸ் சேராத கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். வயலில் பிடித்த வெட்டுக்கிளி வேண்டாம். நம் பக்கத்து நெல்லிலும் தென்னையிலும் என்ன மருந்தடித்தார்கள் என்று வெட்டுக்கிளி சொல்லாது. வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பும் கால்சியம்தானே என்று என்னை ஒருவர் கேட்டார். வாய் வெந்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

பல வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிற ஒரு கலவை உண்டு, லெட்பீட்டர் கலவை என்பார்கள். லெட்பீட்டர் போசம் என்ற இன்னொரு ஆஸ்திரேலியப் பிராணியின் பேர் அது. செய்முறை இது. 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 150 மில்லி தேனைக் கரையுங்கள். வேகவைத்து ஓடு நீக்கிய ஒரு முட்டையைத் தனியாக நசுக்கி, தேன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் அடியுங்கள். அதில் புரதம் கூடிய, குழந்தைகளுக்கான தானிய மாவு 25 கிராம், டாக்டர் சொல்கிற வைட்டமின் தாதுப் பொடி ஒரு தேக்கரண்டி. மிக்ஸியில் ஒரு சுற்று. அவ்வளவுதான்.

இதில் நம் ஊர்ச் சிக்கல் இரண்டு. ஒன்று, நம் கடைகளில் கிடைக்கும் குழந்தை மாவு பெரும்பாலும் பால்பொடி கலந்தது. கிளைடருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. டப்பாவின் பின்பக்கம் படித்துப் பால் இல்லாததாக வாங்குங்கள். இரண்டு, தேன். வெல்லப்பாகு கலந்த தேன் சந்தையில் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. தேன் எடுப்பவரை நேரில் தெரிந்தால் உத்தமம். கலவையை ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை எடுக்கலாம். ஃப்ரிட்ஜில் மூன்று நாளைக்கு மேல் வேண்டாம்.

அளவு: ஒரு நாளைக்கு அதன் உடம்பு எடையில் 15லிருந்து 20 சதவீதம். 100 கிராம் பிராணிக்கு எல்லாம் சேர்த்து 15லிருந்து 20 கிராம். அதில் பாதி இந்தக் கலவை, மற்ற பாதியில் பெரும்பங்கு புரதம்: கால்சியம் புரட்டிய பூச்சி, வெந்த முட்டை, உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழித் துணுக்கு. பழம் ஊறுகாய் அளவுக்குத்தான். சாக்லேட், காப்பி, டீ, வெங்காயம், பூண்டு, பட்டர்ஃப்ரூட் எதுவும் கூடாது. சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு வைத்து, விடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நம் வெயிலுக்கு அது காலை ஏழு மணிக்கே புளித்துவிடும். தண்ணீருக்கு நிப்பிள் பாட்டில் ஒன்று, அடைத்துக்கொண்டால் கைகொடுக்கக் கிண்ணம் ஒன்று.

காட்டில் பிசின் நக்குகிற பிராணிதானே என்று நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்கினேன். டாக்டரிடம் காட்டிவிட்டு, மிளகளவு கிள்ளி கிளையின் பட்டை இடுக்கில் அப்பி வைத்தேன். சீனி அதைச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. விலை கொடுத்து வாங்கிய எந்தப் பொம்மைக்கும் அவ்வளவு நேரம் கிடைத்ததில்லை.

கால் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். உயரம் இல்லாத சின்னப் பெட்டியில், ஏறவிடாமல், மருந்தும் மாற்றின சாப்பாடுமாக ஆறு வாரம். நடந்தது. இன்றைக்கும் குதித்து இறங்கும்போது இடப்பக்கம் லேசாகச் சாயும்.

ஒன்று வேண்டாம், இரண்டு

காட்டில் கூட்டமாக ஒரே பொந்தில் தூங்குகிற ஜீவன் இது. ஒற்றையாக வைத்தால் மனசு வாடும். சில தன் வாலையும் தொடையையும் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். நீங்கள் எவ்வளவு கொஞ்சினாலும் ராத்திரி இரண்டு மணிக்கு அதன் கழுத்தைக் கோதிவிட உங்களால் ஆகாது. ஆகவே ஆரம்பத்திலேயே ஜோடி. ஆணும் பெண்ணுமாக எடுத்தால் ஆணுக்கு விதைநீக்கம் செய்துவிடுங்கள், இல்லையென்றால் குட்டிகளை யாருக்குக் கொடுப்பது என்ற தலைவலி ஆரம்பமாகும். வளர்ந்த ஆணுக்கு உச்சந்தலையில் மயிரில்லாத ஒரு வட்டம் தெரியும். சொறி இல்லை, அது வாசனைச் சுரப்பி. எங்கள் ஆணுக்கு அதனாலேயே மொட்டை என்று பேர்.

ஏற்கெனவே ஒன்று இருந்து இரண்டாவது வருகிறது என்றால் நேரே ஒரே கூண்டில் போடாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூண்டு, தூங்கும் பைகளை மாற்றி மாற்றிப் போட்டு வாசனை பழகவிட்டு, பிறகு உங்கள் கண் முன்னால் பொதுவான இடத்தில். எங்கள் வீட்டில் மூன்று வாரம் பிடித்தது.

வாங்குகிற நாள்

தாயின் பையைவிட்டு வெளியே வந்து எட்டு வாரமாவது ஆன குட்டியாக இருக்க வேண்டும். கண் பளிச்சென்று, பின்பக்கம் ஈரமோ அழுக்கோ இல்லாமல், வால் மயிர் அடர்த்தியாக. கம்பியில் ஏறவிட்டுப் பாருங்கள்; நாலு காலும் பிடிக்கிறதா என்பதுதான் பரீட்சை. பகலில் கடைக்காரர் தொட்டதும் சத்தம் போட்டால் அது கெட்ட குணமில்லை, தூக்கத்தில் எழுப்பினால் நாமும் அப்படித்தான். இதுவரை என்ன சாப்பிட்டது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதுச் சாப்பாட்டுக்கு ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக மாற்ற வேண்டும்.

விடியற்காலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் வீடு வந்துவிடுங்கள். பைக்குள் ஒரு ஆப்பிள் துண்டு போட்டால் வழியில் நாக்கு நனைக்க ஆகும். பைக்கின் டேங்க் கவரில் வைத்துக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே எஞ்சின் கொதிக்கும்.

முதல் ராத்திரிகள்

முதல் மூன்று நாள் சும்மா விடுங்கள். சாப்பாடு, தண்ணீர், அவ்வளவுதான். நீங்கள் ஒரு நாள் போட்டிருந்த பழைய பனியனைத் துண்டாக்கிப் பைக்குள் வையுங்கள், உங்கள் வாசனை அதற்குப் பழகட்டும். கையை நீட்டினால் ஒரு சத்தம் வரும் பாருங்கள்: பிளக் அடைத்துக்கொண்ட டி.வி.எஸ். 50ஐ உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி, கர்ர்ர் கர்ர்ர் என்று. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா என்று இருக்கும். பயத்தில் போடுகிற சத்தம்தான். கையை வெடுக்கென்று இழுத்தால், சத்தம் போட்டால் நாம் போய்விடுவோம் என்று கற்றுக்கொள்ளும். அப்படியே அசையாமல் வைத்திருங்கள். கடித்தாலும் பெரிய காயம் ஆகாது.

நாலாம் நாளிலிருந்து பகலில் தூங்குகிற பையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டு வேலை பாருங்கள். ஜிப் மூடியிருக்கட்டும், காற்றுப் போக வலை இருக்கட்டும். ராத்திரியில் குழந்தைகளுக்கு விரிக்கிற மடக்குக் கொசுவலை இருக்கிறதல்லவா, கொஞ்சம் பெரிதாக வாங்கி, நீங்களும் உள்ளே உட்கார்ந்துகொண்டு அவிழ்த்து விடுங்கள். நீங்கள் ஒரு மரம் என்று நினைத்துக்கொள்ளும். தலைமேல் ஏறும், காதுக்குள் மூச்சு விடும், சட்டையில் மூத்திரமும் விடும். எனக்கு மொட்டை மடியில் வந்து தானாக உட்கார இரண்டு மாதம் ஆனது. சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு அரை வருஷம்.

அறையில் திறந்துவிடும் நாள் வந்தால், முதல் வேலை சீலிங் ஃபேன். ஸ்விட்சை அணைப்பது போதாது, அதன் மேல் டேப் ஒட்டுங்கள். வீட்டில் யாராவது பழக்க தோஷத்தில் தட்டிவிடுவார்கள். பாத்ரூம் கதவு சாத்தியிருக்க வேண்டும், வாளித் தண்ணீரில் விழுந்தால் ஏறி வரத் தெரியாது. ஜன்னலுக்கு வலை. அலமாரிக்குப் பின்னால் உள்ள சந்துகளைத் துணி வைத்து அடையுங்கள்.

குளிப்பாட்ட வேண்டாம், அதுவே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். பல்லை வெட்டச் சொல்கிறவரிடம் போகாதீர்கள். எலிக்கு வளர்வது போல இதற்குப் பல் வளர்ந்துகொண்டே போகாது. நகநுனி மட்டும் கூர்மையாகும்போது மயிரிழை அளவு கத்தரிக்கலாம். கூண்டைத் துடைக்க வினிகர் கலந்த தண்ணீர் போதும், பினாயில் வேண்டாம். நாற்றம் முழுக்கப் போகாது. அது வாசனையால் ஊரை அளக்கிற ஜீவன். நீங்கள் துடைத்த அன்று ராத்திரியே மறுபடி முத்திரை வைக்கும். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளையும் கழுவச் சொல்லுங்கள்.

நோய் அறிகுறி என்று நீளமாக எழுத வேண்டியதில்லை. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைச் சுண்டிப் பிடித்து விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் மாதிரி நின்றால் நீர் குறைந்திருக்கிறது. தளர்ந்த மலம், காலை இழுப்பது, ஒரே இடத்தில் மயிர் பிடுங்குவது, இரவில் பைக்குள்ளேயே கிடப்பது. இதில் எதுவானாலும் அன்றைக்கே டாக்டர்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் தெரிவது எடை. சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டு தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு வைக்கும் முன் பையோடு நிறுத்து, பையைக் கழித்து எழுதுவோம். பத்தில் ஒரு பங்கு இறங்கினால் காரணம் தெரியாவிட்டாலும் கிளம்பிவிடுவோம். போன வாரக் கணக்கு மொட்டை 121, சீனி 98. அம்மா கையெழுத்து அது. திண்ணையிலிருந்து எப்போது உள்ளே வந்தார் என்று எனக்கு ஞாபகமில்லை.